பத்துமலைச் சிலந்தி

தைப்பூசத்தன்று பண்டமாரான், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் எனப் பல இடங்களிலிருந்தும் பக்தர்கள் பத்துமலையில் திரள்கின்றனர். 272 படிகளையும் ஏறிக் கோயில் குகையை அடையும் பலர், வழியில் இடப்புறம் இருக்கும் இருட்டுக் குகையைக் கவனிப்பதில்லை. அக்குகையின் சுவர்களில் அரியதொரு சிலந்தி வாழ்கிறது. 1923ஆம் ஆண்டு எச். சி. ஆபிரகாம் என்பவர் அதனை ஆராய்ந்து விவரித்தார். அதன் அறிவியல் பெயர் 'லிபிஸ்தியஸ் பத்துவென்சிஸ்'. இப்பெயரின் இரண்டாம் பகுதிக்குப் 'பத்து என்னும் இடத்தைச் சேர்ந்தது' என்பது பொருள்.

இச்சிலந்தி மிகப் பழமையான குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிலந்திகளைப் போலவே, இதன் வயிற்றின் மேற்புறத்தில் அடுக்கடுக்கான தகடுகள் உள்ளன. இது வேறு பல சிலந்திகளைப் போல வலைவிரித்துக் காத்திருப்பதில்லை. குகைச் சுவரில் நூலால் கூடு கட்டி, அதற்குக் கதவும் அமைக்கிறது. கூட்டின் வாயிலிலிருந்து சில நூலிழைகளைச் சுற்றிலும் நீட்டி வைக்கிறது. ஏதேனும் ஒரு பூச்சி அந்த இழையில் இடறினால், சிலந்தி அதிர்வை உணர்ந்து பாய்ந்து பிடிக்கும்.

ஒரு சிலந்தி புதிய இனம் என்பதை எவ்வாறு உறுதிசெய்கின்றனர்? ஆப்பிரிக்கக் காடுகளின் சருகுகளுக்கிடையே வாழும் மிகச் சிறிய சிலந்திகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் பல ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உடையவை. ஆய்வாளர்கள் சருகுகளை அள்ளிச் சல்லடையில் சலித்து, விழும் சிலந்திகளைச் சேகரிக்கின்றனர். எரிசாராயத்தில் இட்டுப் பாதுகாக்கின்றனர். பின்னர் நுண்ணோக்கியின் வழி கண்களின் அமைப்பையும் கால்களின் நீளத்தையும் இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தையும் அளந்து வரைகின்றனர். ஏற்கெனவே பதிவான இனங்களோடு ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாவிட்டால் மட்டுமே புதிய பெயர் சூட்டுகின்றனர். பெயர் பெற்ற மாதிரி அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகிறது. பிற்காலத்தில் எவருக்கேனும் ஐயம் எழுந்தால், அம்மாதிரியை மீண்டும் பார்த்துத் தெளிவு பெறலாம். இவ்வாறு பெயர் பெற்ற சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டில் 50,000ஐ எட்டியது.

இத்தனை உழைப்பு ஒரு பெயருக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். பேராக் மாநிலத்திலுள்ள காந்தான் மலை இதற்கு விடை கூறும். அங்குள்ள குகையில் வாழும் சிலந்திக்கு 1997ஆம் ஆண்டு 'லிபிஸ்தியஸ் காந்தான்' என்று பெயரிடப்பட்டது. அம்மலையின் ஒரு பகுதியில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் உடைக்கப்படுகிறது. மலை குறைந்தால் குகையும் குறையும். குகை அழிந்தால் சிலந்திக்கு வேறு புகலிடம் இல்லை. பெயர் இருப்பதால்தான், இன்னதொரு உயிரினம் இவ்விடத்தில் வாழ்கிறது, இதனைக் காக்க வேண்டும் என்று வாதிட முடிகிறது.

பெயர் பெறாத உயிரினம் அழிந்தால், அது வாழ்ந்த செய்திகூட எஞ்சாது. சருகைக் குப்பை என்றும் குகையை வெறும் இருட்டு என்றும் ஒதுக்காமல் உற்று நோக்கியவர்களாலேயே நாம் இவ்வுயிர்களை அறிந்தோம். அவற்றின் வாழிடத்தைக் காப்பது இனி நம் கடமையாகும்.