குழலில் வெல்டிங் வேண்டாம்

கேள்வி: அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள பிஸ்டலின் குழல் வெடித்திருக்கிறது. வெல்டிங் செய்து லேத்தில் கடைந்தால் சரியாகுமா?
– வாசகர், தெல்தோட்டை

பதில்: பார்வைக்குச் சரியாகும். தயவுசெய்து அதை நம்பிச் சுடாதீர்கள்.

உங்கள் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் தேய்ந்த ரோலர் தண்டை வெல்டிங்கால் நிரப்பி, லேத்தில் கடைந்து மீண்டும் ஓடவிடுவார்கள். நல்ல வேலை அது. தண்டில் மறுபடி விரிசல் விழுந்தால் இயந்திரம் நிற்கும், அவ்வளவுதான். பிஸ்டலின் கதை வேறு. 9 மில்லிமீற்றர் தோட்டா வெடிக்கையில் அறைக்குள் எழும் அழுத்தத்தின் அனுமதிக்கப்பட்ட உச்சம் 2,350 பார். கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார். அந்த அடியைத் தாங்கவே குழல் உருக்கைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்துகிறார்கள். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டின் ஓரம் நொறுங்கும் தன்மை பெறும். உள்ளே மயிரிழை வெடிப்பு ஒளிந்திருக்கும். கடைந்து மினுக்கினால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. பிடித்திருப்பதோ உங்கள் கை.

கண்டி இராச்சியக் கொல்லர்கள் துப்பாக்கி செய்வதில் பேரெடுத்தவர்கள். அந்த மண்ணின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரித்தானியாவில்கூட, பழுதுபார்த்ததில் பலம் குறைந்த குழலை 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி லண்டன் அல்லது பர்மிங்காம் குழல் சோதனைக் கூடத்தில் அதிக அழுத்தத்தில் மீண்டும் சோதிக்காமல் விற்க முடியாது.

இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டமும் இருக்கிறது. தோட்டாவை அகற்றிவிட்டு, அனுமதி வழங்கிய அதிகாரியிடம் அறிவியுங்கள். தயாரிப்பாளரின் புதிய குழல் கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் ஒப்படைத்துவிடுங்கள்.