காந்தளுக்கு ஆறு இதழ். அதுக்குப் பேர் என்ன?

 

முதல்ல ஒரு திருத்தம். போன கந்த சஷ்டிக்கு நான் போட்ட காந்தள் பதிவில், "இந்தப் பூவுக்குப் புல்லியே கிடையாது, ஆறும் அல்லி இதழ்தான்" என்று எழுதியிருந்தேன். நிறைய பேர் ஃபார்வர்டு பண்ணீங்க. தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா மட்டும், "தம்பி, பூவைக் கையில வச்சுப் பார்த்துட்டு எழுதினீங்களா?" என்று கேட்டார். இல்லை. போனில் படம் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

இந்த ஐப்பசியில் பழனி போகும் வழியில், ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கண்வலிக்கிழங்குத் தோட்டத்தில் நின்றேன். கண்வலிக்கிழங்கு என்பது காந்தளேதான். விதைக்காகப் பயிர் செய்யுறாங்க. அக்கா சொன்ன மாதிரி பூவின் அடியை உற்றுப் பார்த்தேன். வெளியே மூன்று, உள்ளே மூன்று என இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு புல்லியின் இடம், உள் அடுக்கு அல்லியின் இடம். ஆனா பார்வைக்கு ஆறும் ஒண்ணு போல. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சேர்ந்தே நிறம் மாறுது.

இப்படிப் பிரிக்க முடியாத இதழுக்கு ஆங்கிலத்தில் 'டெப்பல்' என்று பேர். அல்லி இதழ் 'பெட்டல்'. இலை என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. புல்லி இதழ் 'செப்பல்'. 1790-ல் நெக்கர் உருவாக்கிய சொல், மூடி என்ற பொருள் அதில் இருக்கு. இந்த இரண்டையும் ஒட்டி 1827-ல் தெ கந்தோல் என்ற தாவரவியலாளர் முன்வைத்ததுதான் டெப்பல். 'பெட்டல்' என்பதில் ப-வையும் ட-வையும் இடம் மாத்திப் பாருங்க, 'டெப்பல்' வந்துடும்! தமிழில் இதைப் 'பூவிதழ்' என்கிறோம்.

புல்லியை நினைவில் வைக்க நான் ஒரு வழி வச்சிருக்கேன். புல்லுதல் என்றால் தழுவுதல். மொட்டைத் தழுவிக் காப்பது புல்லி. காந்தளில் அந்தக் காவல் இதழும் பூவோடு பூவாகச் சிவந்து நிற்குது.

முருகன் தலையில் காந்தள் கண்ணி சூடியதைத் திருமுருகாற்றுப்படை சொல்லுது. அவன் சூடிய பூவைப் பற்றி நான் பார்க்காமலே எழுதியது தப்பு. பழைய பதிவை அனுப்பினவங்க, தயவுசெய்து இதையும் அதே குரூப்பில் அனுப்புங்க.

ஒரு எச்சரிக்கை: காந்தளின் கிழங்கும் விதையும் கடும் விஷம். வாயில் வைக்காதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!