தொகையிடலும் கோமுகி நீரும்

கேள்வி: முதல் பருவத்தில் வகையிடலை எளிதாகக் கற்ற எனக்கு, இரண்டாம் பருவத்தின் தொகையிடல் பெருஞ்சிரமமாக இருக்கிறது. என்ன செய்வது?
— மாணவர் ஒருவர், கச்சிராயபாளையம்

பதில்: அன்பரே, வகையிடலில் விதியைப் பிரயோகித்தால் விடை வந்துவிடும், தொகையிடலிலோ, பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள் என்னும் உபாயங்களுள் எது பொருந்தும் என்று காணும் விவேகத்தையே முதலில் சம்பாதிக்க வேண்டியிருப்பதால், இச்சிரமம் உமக்கு மட்டும் உரியதன்று.

முதலில் தொகையிடலின் பொருளை உம்மூர் நீரைக் கொண்டே காண்போம். கல்வராயன் மலையில் பெய்த மழை உம்மூர்க் கோமுகி அணைக்கு நொடிக்கு 100 கன அடி வீதம் மாறாமல் வந்தால், ஒரு நாளில் 86,40,000 கன அடி சேரும் என்பது வெறும் பெருக்கலே. ஆனால் பிரவாகம் க்ஷணந்தோறும் ஏறியும் இறங்கியும் வருகையில், அச்சிறு க்ஷணங்களின் வரவையெல்லாம் திரட்டி மொத்தம் காண்பதே தொகையிடலாகும். தேங்கிய அளவு மாறுவதைக் கொண்டு வரவின் வேகத்தை அறிவது வகையிடல். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல் என்பதை நியூட்டனும் லைப்னிட்சும் 17ஆம் நூற்றாண்டில் பொதுமுறையாக வகுத்தனர். ஆகவே, கண்ட விடையை வகையிட்டுப் பார்த்தால் அதன் சரியும் பிழையும் உடனே விளங்கும்.

திரிகோணமிதிச் சூத்திரங்களைப் புதுப்பித்துக்கொண்டு, நாள்தோறும் ஐந்து கணக்கேனும் கையால் எழுதி அப்பியாசம் செய்து, ஒவ்வொரு விடையையும் இவ்வாறு சோதித்து வாரும். தொகையிடல் உமக்கு வசப்படும்.