சாலையைக் கடக்குமிடம்

ஊரை இரு கூறாகப் பிளந்து செல்லும் சாலைகள் நம் கிராமங்கள் பலவற்றில் உண்டு. ஒருபுறம் குடியிருப்பு, மறுபுறம் பள்ளியும் பஸ் நிறுத்தமும். கடப்பதற்கு வெள்ளைக் கோடுகள் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என ஊராட்சியார் சிலர் கருதுவர். வர்ணம் வண்டியை நிறுத்துவதில்லை.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். இருவழித் தார்ச்சாலையின் அகலம் சுமார் 7 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதனைக் கடக்க ஏறத்தாழ 6 வினாடிகள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அதற்குள் 100 மீட்டர் ஓடிவிடும். தலைச்சுமையுடன் வரும் மூதாட்டிக்கோ 6 வினாடிகள் போதா. ஆகவே, கடக்குமிடத்தில் நிற்போருக்கு இருபுறமும் 100 மீட்டருக்கு மேல் சாலை தெளிவாகத் தெரிதல் அவசியம். வளைவை ஒட்டியோ, பாலத்து மேட்டின் அருகிலோ கோடு போடுதல் தகாது. பார்வையை மறைக்கும் முட்புதர்களை அகற்றுதல் வேண்டும். நிற்கும் பஸ்ஸின் முன்புறமாகக் கடப்பது பேரபாயம். பின்னால் முந்தி வரும் வண்டியைப் பஸ் மறைத்துவிடும். கடக்குமிடம் பஸ் நிற்குமிடத்திற்குப் பின்னால் அமைதல் நன்று.

வேகம் 30 கிலோமீட்டராகக் குறைந்தால், அதே 6 வினாடிகளில் வண்டி 50 மீட்டரே செல்லும். அதன் மோதும் ஆற்றலோ பாதியன்று, நான்கில் ஒரு பங்காகிவிடும். கடக்குமிடத்தையே சற்று உயர்த்தி மேடை போல் அமைப்பது இதனால்தான் பயனளிக்கிறது. ஆயின், ஊரார் தாமாகவே கல்லும் மண்ணும் கொட்டி வேகத்தடை எழுப்புதல் வேண்டா. எச்சரிக்கைப் பலகையில்லாத மேட்டில் இரவில் வரும் சைக்கிள்காரர் வீழ்வர்.

சாலை நெடுஞ்சாலைத் துறைக்குரியதாயின், கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, இடத்தின் வரைபடத்துடன் துறைப் பொறியாளருக்கு அனுப்புதல் முறை. தெரு விளக்கு ஊராட்சியின் பொறுப்பேயாகும். கடக்குமிடத்தில் அணைந்து கிடக்கும் விளக்கை எரியச் செய்ய, அந்த விடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.