அந்தரங்கமும் ஓர் அமானிதமே

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி பெற்ற பின்னரே உள்ளே செல்லவேண்டும் என்பது திருக்குர்ஆன் இட்டிருக்கும் கட்டளை (24:27). இதைச் சிறு வயதிலேயே ஓதித் தெரிந்துகொள்கிறோம். ஆனால், அந்த அனுமதி எதற்காக என்பதை நம்மில் பலர் சிந்திப்பதில்லை.

ஒருவர் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். அவ்வமயம் நபி (ஸல்) அவர்களின் கையில் தலைகோதும் சீப்பு ஒன்று இருந்தது. அவர் பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் அதனாலேயே அவருடைய கண்ணைக் குத்தியிருப்பேன் என்று கண்டித்த அவர்கள், அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணத்தால்தான் என்று விளக்கினார்கள். இந்த ஹதீஸ் புகாரியில் வந்துள்ளது. கால் உள்ளே படவில்லை; பொருள் ஏதும் களவு போகவில்லை; கண் மட்டுமே நுழைந்தது. அதுவே குற்றமாயிற்று.

கலீஃபாவுக்கும் விலக்கில்லை

இச்சட்டம் அண்டை வீட்டாருக்கு மட்டுந்தானா, ஆட்சியாளருக்கும் உண்டா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவுக்காவலாகச் சுற்றி வருகையில், ஒரு வீட்டினுள் பாட்டொலி கேட்டுச் சுவரேறிச் சென்றார்கள். அங்கே ஒருவன் மதுவுடன் இருந்தான். கலீஃபா அவனைக் கடிந்தபோது, நான் செய்த பாவம் ஒன்று, தாங்கள் செய்தவை மூன்று என அவன் பதிலுரைத்தான். துருவி ஆராயலாகாது (49:12), வீடுகளுக்கு வாசல் வழியே வரவேண்டும் (2:189), அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையலாகாது (24:27) என்ற மூன்று கட்டளைகளையும் அவன் எடுத்துரைத்தான். உமர் (ரலி) அவர்கள் தமது அதிகாரத்தைக் காட்டவில்லை. இனித் திருந்துவதாக அவனிடம் வாக்குப் பெற்று, அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

நோக்கம் நல்லதாயினும் வழி தவறாகலாம் என்பதும், அதிகாரம் உடையவரிடம் குடிமகன் கேள்வி கேட்கலாம் என்பதும் இதனின்று நாம் பெறும் பாடங்களாகும்.

இக்காலத்துச் சுவர்

இன்று சுவரேறிக் குதிக்க வேண்டிய தேவை இல்லை. நமது சட்டைப்பையிலேயே துவாரம் இருக்கிறது.

தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் ‘முஸ்லிம் ப்ரோ’ என்ற கைப்பேசிச் செயலி உலகெங்கும் 9.8 கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டது. 2020 நவம்பரில் ‘மதர்போர்டு’ என்ற அமெரிக்க இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. அச்செயலியிலிருந்து மக்களின் இருப்பிட விவரங்கள் ‘எக்ஸ்-மோட்’ என்ற நிறுவனத்துக்குச் சென்றன. அந்நிறுவனம் தன்னிடம் சேரும் விவரங்களை அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும் விற்றது என்பதே அச்செய்தி. செயலியை நடத்துவோர், தாங்கள் இராணுவத்துக்கு எதையும் விற்கவில்லை என மறுத்தனர். எனினும் எக்ஸ்-மோடுடன் இருந்த தொடர்பைத் துண்டித்துவிட்டதாக அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், வணக்கத்தலம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு மக்கள் சென்று வருவதைக் காட்டும் விவரங்களை விற்க எக்ஸ்-மோடுக்குத் தடை விதித்தது.

அவ்விவரங்களில் பெயர் இல்லையே என்று சிலர் கேட்கலாம். ஒரு கைப்பேசி இரவெல்லாம் எந்த வீட்டில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை எந்தப் பள்ளிவாசலுக்குச் செல்கிறது என்று தெரிந்தபின் பெயர் எதற்கு?

சந்தேகம் விளைத்த கேடு

மேற்கூறிய 49:12 வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வீண் சந்தேகம் தடுக்கப்படுகிறது. அடுத்துத் துருவி ஆராய்தல். அதற்கடுத்துப் புறம் பேசுதல். ஒன்று மற்றொன்றுக்கு இட்டுச் செல்லும்.

2001-க்குப் பின் நியூயார்க் நகரில் நடந்தது இதற்குச் சான்று. அந்நகரக் காவல்துறை பள்ளிவாசல்களிலும் கடைகளிலும் மாணவர் சங்கங்களிலும் ஒற்றர்களை வைத்து முஸ்லிம்களைக் கண்காணித்ததை 2011-இல் ‘அசோசியேட்டட் பிரஸ்’ வெளிப்படுத்தியது. அதற்கெனவே இருந்த பிரிவு திரட்டிய தகவல்களால், தாம் பொறுப்பிலிருந்த ஆண்டுகளில் ஒரு புலன்விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று அதன் உயரதிகாரியே 2012-இல் வாக்குமூலம் அளித்தார். 2014-இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. பக்கத்தில் தொழுபவர் ஒற்றரோ என்று அஞ்சும் நிலை வந்ததே மிச்சம். ஆட்சியாளர் மக்களிடம் குற்றம் தேடி அலைந்தால் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்தில் அபூதாவூதில் வந்துள்ள நபிமொழியை இங்கே நினைவுகூர வேண்டும்.

ஆயினும் அதே வசனம் நம்மையும் கட்டுப்படுத்துகிறது. கணக்கெடுக்க வருபவர், தடுப்பூசி போட வருபவர் யாவரையும் ஒற்றர் என எண்ணுவது முறையன்று. சந்தேகிப்பது வேறு, கேட்பது வேறு. எதற்காக இந்த விவரம், யாரிடம் செல்லும் என்று கேட்பது நமது உரிமை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

நாம் செய்யவேண்டியவை

1. தொழுகை நேரம் அறிய ஊரின் பெயரே போதும். செயலி இருப்பிடத்தைக் கேட்டால் மறுத்துவிட்டு ஊரைக் கையால் குறிப்பிடுங்கள். பள்ளிவாசலில் தொங்கும் நேர அட்டவணையும் இருக்கவே இருக்கிறது.

2. ஆதார் பிரதி கொடுக்கும்போது எதற்காக என்பதை அதன்மேல் எழுதிக் கையொப்பமிடுங்கள். முழு எண் தேவைப்படாத இடங்களில், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதியைக் கொடுக்கலாம்.

3. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் ஆகியோரின் கைப்பேசியை அவர்கள் அறியாமல் திறந்து படிப்பதும் துருவி ஆராய்தலே.

4. நம் ஜமாஅத்துகளும் அதிகாரம் உடையவைதாம். நிகாஹ்வுக்காக வந்த பெண்ணின் புகைப்படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஜகாத் வாங்கும் விதவையை நிற்கவைத்துப் படமெடுத்து வெளியிடுகிறோம். அவர் அனுமதித்தார் என்று சொல்லலாகாது. அரிசிப்பையை நம் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? இரகசியமாக ஏழைகளுக்குக் கொடுப்பதே மேலானது என்று திருமறை (2:271) கூறியிருக்க, இது அமானித மோசடி அன்றோ?

பெரிய நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மை நமது மஹல்லா அலுவலகத்தின் அலமாரியிலிருந்து தொடங்கட்டும். பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. அந்தப் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.