கேட்பவர் சொல்லில் ஒரு குறிப்பு

தஞ்சை ஜில்லாக் கல்லூரிகளில் பைத்தான் மொழி பயிலும் மாணாக்கருக்குச் சில வருஷங்களாகச் சந்தேகம் தீர்த்து வருவதில் எனக்குத் திடமான ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது: ஒரே கேள்வியை இரண்டாவது மனிதரும் கேட்பாராயின், குறை கருவியோடு வந்த விளக்கக் குறிப்பில் இருக்கிறது, அன்றைக்கே அதைத் திருத்திவிட வேண்டும்.

"‘தஞ்சாவூர்’ என்று கொடுத்து நீளம் கேட்டால் ஒன்பது என்கிறதே சார், ஐந்து எழுத்துத்தானே?" என்பது முன்பெல்லாம் ஓயாமல் வரும் கேள்வி. யூனிகோடு முறையில் மெய்யின் புள்ளியும், காலும், ஊகாரக் குறியும் தனித்தனிக் குறியீடுகளாக நிற்பதால், பைத்தான் அவற்றையும் சேர்த்து எண்ணி 9 என்கிறது. கண்ணுக்குத் தெரியும் 5 எழுத்துக்களே வேண்டுமாயின், முத்து அண்ணாமலை முதலியோர் ஆக்கிய ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் எழுத்துக்களைப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. இவ்வளவும் எங்கள் குறிப்பில் ஆதியிலேயே இருந்தது. ஆனால் ‘குறியீட்டுப் புள்ளிகள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தபடியால், அந்தப் பதத்தை முன்னமே அறிந்தவருக்கன்றி ஏனையோருக்கு அகப்படவில்லை. ‘தஞ்சாவூர் ஏன் 9 என்று வருகிறது?’ என்று தலைப்பை மாற்றியபின் அக்கேள்வி அருகிவிட்டது.

கேள்வி கேட்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். "தேடல் வேலை செய்யவில்லை" என்று மட்டும் ஒருவர் எழுதினால், 1922 முதல் ஆடுதுறையில் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் "பயிர் மஞ்சளிக்கிறது" என்று மட்டும் சொல்லி நிற்பதைப் போன்றதே அது. என்ன ரகம், நட்டு எத்தனை நாள், வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று அறியாமல் எவரும் பரிகாரம் சொல்ல இயலாது. ஆகவே, எந்தப் பதிப்பு, எந்த வரி, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று நான் பொறுமையாகக் கேட்பேன். அப்படிக் கேட்டதில் வெளிப்பட்டதுதான் கும்பகோணத்தின் விஷயம்: ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம், பார்வைக்குப் பேதமில்லை, ஆயினும் இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். என்.எஃப்.சி. என்னும் முறையில் இரண்டையும் ஒரே வடிவாக்கிய பிறகே தேடல் பலிக்கும்.

விளக்கம் தமிழில் இருப்பது எத்துணை உபகாரம் என்பதை, 2012 முதல் வெளிவரும் கணியம் இதழைப் படித்துக் கற்றவர்கள் அறிவார்கள். எனினும் பிழைச் செய்தியை மட்டும் திரையில் வந்தபடியே, ஓர் எழுத்தும் மாறாமல், படமாக அல்லாமல் எழுத்தாகவே குறிப்பில் சேர்க்க வேண்டும். சிக்கிக்கொண்டவர் தேடப்போவது அதைத்தான்.

ஒவ்வொரு விடையின் தலையிலும், சோதித்த பதிப்பையும் தேதியையும் எழுதிவைப்பது மிகவும் அவசியம். பைத்தான் 2இல் யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதிய அதே ‘தஞ்சாவூர்’, பைட்டுகளாக எண்ணப்பட்டு 27 என வரும். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் நிறுத்தப்பட்ட பின்னரும், பழைய குறிப்பில் 27ஐக் கண்டு கலங்கி வருகிற மாணாக்கர் இன்னும் இருக்கிறார்கள்.