மனநோயும் ஒரு நோயே

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் முதுமொழி. நோய் என்றதும் காய்ச்சலும் இருமலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மனத்துக்கும் நோய் வரும், அதற்கும் மருந்து உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

போடியில் பல குடும்பங்களுக்கு ஏலமலைதான் சோறு போடுகிறது. மழைக்காலத்தில் ஏலச்செடியில் அழுகல் நோய் கண்டால் தோட்டக்காரர் அதை மறைப்பதில்லை. செடிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று உடுக்கை அடிப்பதும் இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைத் தெளிக்கிறார். செடிக்குக் காட்டும் இந்த அறிவை, வீட்டில் ஒருவர் மனம் நலிந்தால் மட்டும் நாம் ஏன் காட்டுவதில்லை?

மனநோய்கள் எவை?

கவலை எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் வாடி, பிடித்த வேலையிலும் நாட்டமின்றி, பசியும் உறக்கமும் கெட்டு, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் வாட்டினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நம் பக்கத்துப் பெண்கள் இதை 'உடம்பெல்லாம் வலி', 'தலைபாரம்', 'அசதி' என்றே சொல்வார்கள். விடியுமுன் ஜீப்பில் மலை ஏறி, மாலையில் வீடு திரும்பும் தாய் இப்படிச் சொன்னால் வேலைக் களைப்பு என்று விட்டுவிடுகிறோம்.

பதற்ற நோயில் சிறு காரணத்துக்கும் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். தேர்வுக்கு முன் சிறிது பயம் இயல்பு. அந்தப் பயத்தால் பள்ளிக்கே வர முடியாமற்போனால் உதவி தேவை. சிலருக்குச் சுத்தமான கையையே திரும்பத் திரும்பக் கழுவும்படி மனம் வற்புறுத்தும். மனச்சிதைவு நோயில் பிறர் காதில் விழாத குரல்கள் நோயாளிக்கு மட்டும் கேட்கும். இதைத்தான் பலர் பேய் என்றும் செய்வினை என்றும் தவறாக எண்ணுகின்றனர்.

பரம்பரை, மூளையில் நிகழும் மாற்றங்கள், வாழ்வில் நேரும் துன்பங்கள் ஆகியவை சேர்ந்தே இந்நோய்களை உண்டாக்குகின்றன. இவை பாவத்தின் தண்டனையும் அல்ல, பக்திக் குறைவும் அல்ல. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே இது நம் வயதினரும் அறிய வேண்டிய பாடம்.

சங்கிலி தந்த துயரம்

அறியாமைக்கு நாம் கொடுத்த விலை பெரிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல இல்லம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் கருகி மாண்டனர். அவர்களைப் பெரும்பாலும் குணமாகட்டும் என்று நம்பி உறவினரே அங்கே விட்டுச் சென்றிருந்தனர். நாடே அதிர்ந்தது, அத்தகைய இல்லங்களை அரசு மூடியது. பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க வழி செய்யப்பட்டது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதிக்கிறது.

சிகிச்சை

இலேசான நோய்க்கு மருத்துவரோ ஆலோசகரோ பேசி அளிக்கும் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம். மற்றவற்றுக்கு மாத்திரைகள் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். 'நாலு நாள் சாப்பிட்டும் குணமில்லை' என்றோ, 'இப்போது நன்றாயிருக்கிறது' என்றோ நாமாக நிறுத்திவிடக் கூடாது.

இத்துறையில் வழிகாட்டியவர் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். நோய் தணிந்தவர்களும் வேலை செய்து மதிப்போடு வாழ வேண்டும் என்று 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார்.

செபமும் மருந்தும்

திருச்சபை மனநோயாளரின் பாதுகாவலியாகப் புனித டிம்ப்னாவைப் போற்றுகிறது. அவருடைய ஆலயம் பெல்ஜியம் நாட்டின் கேல் நகரில் உள்ளது. இடைக்காலத்தில் அங்கே குணம் தேடி வந்த நோயாளிகளை ஊர் மக்கள் தம் வீடுகளில் தங்கவைத்து, உணவளித்து, வேலையிலும் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வழக்கம் இன்று மருத்துவமனையின் மேற்பார்வையில் தொடர்கிறது. செபம் அவர்களை மருந்திலிருந்து விலக்கவில்லை. அயலாரை வீட்டுக்குள் அழைக்கக் கற்றுக்கொடுத்தது.

நம் கடமை

தோழியரே! 'பைத்தியம்' என்ற சொல்லை விளையாட்டுக்கும் சொல்லாதிருப்போம். வாடியிருக்கும் தோழியிடம் அமர்ந்து அவள் பேசுவதைக் கேட்போம். 'உயிர் வேண்டாம்' என்று ஒருத்தி சொன்னால் அவளைத் தனியே விடாமல் உடனே ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ, பெற்றோரிடமோ சொல்வோம். அந்த இரகசியத்தைக் காப்பது நட்பு ஆகாது.

பெற்றோரே! தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். தாயத்துக்குச் செலவிட்டுக் காலம் கடத்த வேண்டாம். மகளின் திருமணம் தடைப்படுமோ என்று நோயை மறைக்கவும் வேண்டாம். மறைத்த நோய் முற்றும். சொன்ன நோய்க்கு மருந்து கிடைக்கும்.

இறைவன் தந்த உடலைப் பேணுவது போல, அவர் தந்த மனத்தையும் பேணுவோமாக!